ஒட்டுக்கேட்டவரின் புத்தகம்

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று 1996இல் கம்பத்துக்குத் திரும்பிய ஒச்சாண்டி, ஐந்து வருடம் கழித்து ஒரு புத்தகம் எழுதினார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். இலங்கைச் சண்டையின்போது வயர்லெஸ் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, எதிர்த்தரப்பு வாசிக்கும் எண்களை எழுதிக் கொடுப்பது மட்டும்தான் அவருடைய வேலை. பொருள் கண்டுபிடிக்க வேறு அதிகாரிகள் இருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாததால் ஒன்றும் பிடிபடவில்லை.

காலையில் எண்களை வாசித்தது ஒரு பெண். தொண்டை கட்டியிருந்தாலும், பின்னால் குண்டு வெடித்தாலும், அவளுடைய செய்தி எப்போதும் அதே மூன்று எண்களில்தான் முடியும். இரண்டு மாதம் அதையே கேட்டுக்கொண்டிருந்தவருக்கு ஒருநாள் சாப்பிடும்போது பொறி தட்டியது: நன்றி. மூன்று எழுத்து. அதைப் பிடித்துக்கொண்டு மற்ற எழுத்துகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். முதன்முதலாக முழுசாகப் படித்த செய்தி, மறுநாள் விடியும்போது பனந்தோப்புப் பாதையில் பேட்டரிகளோடு ஒரு டிராக்டர் வரும் என்றது. படை அங்கே காத்திருந்தது. டிராக்டரில் வந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குரல் வரவில்லை; அவளும் அந்த டிராக்டரில்தான் வந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் பெருமையாகத்தான் எழுதியிருந்தார். மதுரையில் அச்சிட்டார்கள். ஊரில் சால்வை போர்த்தினார்கள்.

மறு வருடம் ஒரு மத்தியானம் அவர் மனைவி முருகம்மாள் உள்ளே வந்து சொன்னார். "ஏங்க, அகதி முகாம்ல இருந்து ஒரு அம்மா வந்திருக்காக. கையில ஒங்க புத்தகத்த வச்சிருக்காக."

வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். திராட்சைத் தோட்டத்தில் கூலிவேலை செய்பவர். புத்தகம் நூலகத்தில் எடுத்தது. நாற்காலியைக் காட்டியும் அவர் உட்காரவில்லை.

"நீங்கள்தானோ எழுதினது?"

"ஆமாம்மா."

"அந்தப் பிள்ளை ஏழு எண்டதை 'ஏயு' எண்டு சொல்லுவாளோ?"

ஒச்சாண்டி நிமிர்ந்து பார்த்தார். புத்தகத்தில் அதை அவர் எழுதவே இல்லை. "ஆமா," என்றார்.

"அவள் என்ர தங்கச்சி. தவமலர். பதினாலு வருசமா, எங்கையோ உயிரோட இருக்கிறாள் எண்டு அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறன்."

முருகம்மாள் கொண்டுவந்த தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றார்.

"எனக்குப் பேரு தெரியாதும்மா."

"இப்ப தெரியும்தானே. குரல், குரல் எண்டு போட்டிருக்கிறியள். அவளுக்குப் பேர் இருந்தது. எழுதுங்கோ."

ஒச்சாண்டி ஏழு மாதம் உட்கார்ந்து புத்தகத்தைத் திருத்தி எழுதினார். பெருமை பேசிய பக்கங்களை அடித்தார். தவமலரின் பேரையும் ஊரையும் எழுதினார். அவளைக் கொல்லவைத்தது தன் பென்சில்தான் என்று எழுதினார். அக்கா கம்பத்து முகாமில் இருப்பதையும் எழுதினார். மதுரைப் பதிப்பகம் தயங்கியதால் தேனியில் தானே முந்நூறு பிரதி அச்சடித்தார்.

இரண்டு மாதத்தில் மஃப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். புத்தகத்தைப் பற்றி மரியாதையாக விசாரித்து, டீ குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் அடுத்துப் போனது முகாமுக்கு என்று ஒச்சாண்டிக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. ஓடினார். அக்காவின் வீடு பூட்டியிருந்தது.

"வேற மாவட்டத்துக்கு மாத்திப்போட்டினம்," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "தங்கச்சி இயக்கத்தில இருந்தவள் எண்டு உங்கட புத்தகத்தில கிடக்காமே. ஏலாத தாயையும் கூட்டிக்கொண்டுதான் போனவா."

ஒச்சாண்டி வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். "நல்லதுன்னு நெனச்சுத்தான எழுதுனீக," என்றார் முருகம்மாள்.

எந்த முகாம் என்று எந்த அலுவலகத்திலும் சொல்லவில்லை. ஊர் ஊராக விசாரித்து 2005இல் கடற்கரைப் பக்கம் ஒரு முகாமில் அக்காவைக் கண்டுபிடித்தார். தாய் இறந்து ஒரு வருடமாகியிருந்தது. அக்கா வாசலை விட்டு வெளியே வரவில்லை.

"அவளின்ர பேரைத்தானே எழுதச் சொன்னனான். என்னையும் சேத்து எழுதச் சொன்னனோ?"

ஒச்சாண்டி கும்பிட்டார்.

"தோட்டத்தில வேலை இருந்தது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி கிட்ட இருந்தது. போங்கோ ஐயா."

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். ஒச்சாண்டி சாயங்கால பஸ் வரும்வரை முகாம் வாசலில் நின்றிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் எழுதியதெல்லாம் மனுக்கள்தான். தவமலரின் அக்காவைக் கம்பத்துக்கே திருப்பி அனுப்பச் சொல்லி வருடத்துக்கு இரண்டு மனு. 2010இலும் எழுதிக்கொண்டிருந்தார்; எதற்கும் பதில் வரவில்லை.