ஓட்டினது யார்

கல்யாணமான நாளிலிருந்து அவன் வேலைக்குப் போனது மனைவியின் ஸ்கூட்டரில், பின்சீட்டில்தான். அவள் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ். கட்டுப் பிரிப்பது, ஊசி போடுவது, படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் புரட்டிப் படுக்கவைப்பது என்று பகலெல்லாம் அலைச்சல். ஊரின் சந்து பொந்தெல்லாம் அவளுக்கு அத்துப்படி. போகிற போக்கில் அவனைக் கண்ணாடிக்கடை வாசலில் இறக்கிவிட்டுப் போவாள். அவன் அங்கே லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவன். மயிரிழை பிசகினாலும் விரல் நுனியிலேயே கண்டுபிடித்துவிடுவான். ஆனால் அந்தக் கைக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பதைத்தான் கடையில் எல்லோரும் பேசினார்கள். முதலாளிதான் ஆரம்பித்துவைத்தார். "வாப்பா, பின்சீட்டு" என்றார் ஒருநாள். அதன்பிறகு அவன் சொந்தப் பெயரைக் கடையில் யாரும் எடுக்கவில்லை.

கூடச் சேர்ந்து சிரித்துத்தான் வைத்தான். உள்ளுக்குள் அது உறுத்திக்கொண்டே இருந்தது. நாற்பதை எட்டிப்பிடிக்கிற வயதில் பயிற்சிப் பள்ளிக்குப் போய், பாதி வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, தட்டுத்தடுமாறி லைசென்ஸ் வாங்கினான்.

வண்டி பார்க்க இரண்டு பேருமாகப் போனார்கள். ஷோரூம் விற்பனையாளர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நேராக ஒரு சின்ன வண்டியிடம் அழைத்துப் போனார்.

"முதல் வண்டின்னா இதுதான் சார் சரி. கனம் கம்மி. ரெண்டு காலும் தரையில நல்லாப் பதியும். தடுமாறினாக்கூட சமாளிச்சுக்கலாம்."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றாள் மனைவி. "ஓட்டிப் பழகிட்டு அப்புறம் பெருசுக்குப் போகலாங்க."

அவன் கண் ஓரத்தில் நின்ற கறுப்பு வண்டிமேல் இருந்தது. எருமைக்கடா மாதிரி அகன்ற டேங்க், உயரமான சீட்டு. இதில் கடை வாசலில் போய் இறங்கினால் முதலாளி முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தான். அன்று அவன் வேண்டுமென்றே தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ போட்டு வந்திருந்தான். ஏறி உட்கார்ந்து, கால் நுனிகளை எக்கி ஊன்றி, "பாரு, நல்லாவே எட்டுது" என்றான்.

மனைவி அவன் காலைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டாள்.

இன்சூரன்ஸ் மேசையில் இருந்த ஏஜென்ட் இளைஞன், பெரிய வண்டி, புது ஆள் என்றால் பிரீமியம் எக்கச்சக்கமாக ஏறும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். "வீட்ல ரொம்ப நாளா ஓட்டுறவங்க யாராவது இருக்காங்களா சார்? அவங்கதான் வழக்கமா ஓட்டுவாங்கன்னு காட்டினா பாதியாக் குறையும். நிஜமாவே அவங்க ஓட்டினா மட்டும்தான், பாத்துக்கோங்க."

கடைசி வாக்கியத்தை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மனைவி அதற்குள் வாசலுக்குப் போய் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நோயாளிக்கு ஊசி போடும் நேரம் நெருங்கியிருந்தது. வழக்கமாக ஓட்டுபவர் என்ற இடத்தில் அவள் பெயரை நிரப்பி, அவன் தாளைக் கொண்டுபோய் நீட்டினான். "வீட்ல இன்னொருத்தர் கையெழுத்தும் வேணுமாம்." அவள் ஸ்கூட்டர் சீட்டின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். புருஷன் நீட்டிய தாளைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

வண்டி வந்த புதிதில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்குப் போனான், வந்தான். சிக்னல் வந்தால் மட்டும் ஓரமாக ஒதுங்கி, நடைபாதை விளிம்பில் ஒரு காலை ஊன்றிக்கொள்வான். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் தன்னால் தாங்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாதவரை சரி என்று ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஒருநாள் மாலை, தெருவுக்குள் திரும்பும்போது எதிரே ஒரு தள்ளுவண்டி வந்தது. நிறுத்தப் பார்த்தான். கால் எட்டவில்லை. பதற்றத்தில் கிளட்சை விட்டுவிட்டான். வண்டி ஒரு துள்ளு துள்ளி, பக்கத்து வீட்டுப் பாட்டு டீச்சரின் இரும்பு கேட்டில் போய் மோதி விழுந்தது. ஒரு கதவு கீலோடு பிய்த்துக்கொண்டு தொங்கியது. தள்ளுவண்டிக்காரர் நல்லவேளை ஒதுங்கிக்கொண்டார்; தலையில் அடித்துக்கொண்டு தன் வழியே போய்விட்டார். உள்ளே ஸ்வரம் பாடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் குரல் பட்டென்று நின்றது.

அவன் எழுந்து ஹெல்மெட்டைக் கழற்றிச் சுவரோரம் வைத்தான். கணுக்கால் வலித்தது. அப்போதுதான் வேலை முடிந்து வந்த மனைவி, ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். "அடி பட்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டே, தன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், வண்டியின் ஹேண்டிலைப் பிடித்துத் தூக்க முயன்றாள். டீச்சர் வெளியே வந்தபோது கண்ட காட்சி இதுதான்.

"நீயாம்மா?" என்றார் டீச்சர், நம்ப முடியாமல். "நீ இப்படி ஓட்ட மாட்டியே."

இல்லை, நான்தான் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். இன்சூரன்ஸ் தாள் ஞாபகத்துக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டான்.

மனைவி அவன் பேசுவான் என்று காத்திருந்தாள். அவன் சிதறிக் கிடந்த லைட்டுக் கண்ணாடிகளைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தான். கடைசியில் அவள்தான், "மன்னிச்சுக்கோங்க டீச்சர். கேட்டை நாங்க சரிபண்ணித் தந்துடறோம்" என்றாள்.

சமையலறையில் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னான். எப்படிச் சொன்னாலும் அசிங்கமாகவே வந்தது. அவள் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

"அப்போ நான் என்ன சொல்லணும்?"

"இன்சூரன்ஸ் கம்பெனியிலேருந்து சேதம் பாக்க சர்வேயர் வருவார். நீதான் ஓட்டினேன்னு சொன்னாப் போதும்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"டீச்சர்கிட்ட என் தலையில விழுந்தாச்சு. இப்ப கம்பெனிக்காரங்ககிட்டயுமா?" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "நான் இதுவரைக்கும் ஒரு இடத்துலகூட இடிச்சதில்ல. தெரியும்தானே?"

தெரியும் என்று தலையாட்டினான். அதனால்தானே அவள் பெயரைப் போட்டதே.

சர்வேயர் பருத்த உடம்புக்காரர், மூச்சு வாங்க நடந்து வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார். சத்தம் கேட்டு டீச்சரும் தொங்கும் கேட்டோரம் வந்து நின்றார்.

"எப்படிம்மா ஆச்சு?"

அவன் சொல்லிக் கொடுத்ததை மனைவி ஒப்பித்தாள். எதிரே தள்ளுவண்டி, பிரேக், நிலைதடுமாற்றம். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எத்தனையோ பேரின் புண்ணைப் பார்த்தும் முகம் சுளிக்காதவள், இப்போது நிமிரவே மாட்டேன் என்றாள்.

"சரிம்மா. கொஞ்சம் ஏறி உக்காருங்களேன். ஹேண்டில் உங்க கைக்கு எப்படி இருக்குன்னு பாத்துக்கறேன்."

மனைவி அவன் தோளுயரம்தான் இருப்பாள். புடவையை ஒதுக்கிக்கொண்டு ஏறினாள். இரண்டு கால்களும் அந்தரத்தில் தொங்கின. வண்டி ஒரு பக்கமாகச் சாய, அவன் பாய்ந்து பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான். குழந்தைக்கு சைக்கிள் பழக்குகிற மாதிரி இருந்தது. ஹேண்டிலை எட்டிப் பிடிக்க அவள் முன்னால் குனிந்திருந்தாள். பிடரி சிவந்து வியர்த்திருந்தது.

சர்வேயர் தொங்கும் கால்களைப் பார்த்தார். பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

டீச்சருக்கு அது தாங்கவில்லை. "சார், இந்தப் பொண்ணைத் தப்பா எழுதிடாதீங்க" என்றார். "தங்கமான பொண்ணு. எங்க வீட்டுக்காரர் கடைசியாப் படுத்திருந்தப்போ மழையிலகூட நேரம் தவறாம வந்து பாத்தா. ஏதோ அவ கெட்ட நேரம், அன்னிக்குத் தவறிடுச்சு."

அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"நான்தான் ஓட்டினேன்" என்றான். சொன்னது அவன் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என்ன சார்?"

"நான்தான் சார் ஓட்டினேன். எனக்குத்தான் கால் எட்டல. அவளுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. கையெழுத்துகூட நான் பொய் சொல்லி வாங்கினதுதான்."

சர்வேயர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இதை போன்லயே சொல்லியிருந்தா, இந்த வெயில்ல நான் மூணு பஸ் மாறி வந்திருக்க மாட்டேன் சார்." அவ்வளவுதான் அவனிடம் பேசியது. பிறகு மனைவியிடம் திரும்பி, "இறங்குங்கம்மா. உங்க பேர்ல எதுவும் ஏறாம நான் எழுதிடறேன். இவருக்கு ஒரு பைசா வராது, பாலிசியும் ரத்தாயிடும்" என்றார்.

டீச்சர் அவனை ஒரு பார்வை பார்த்தார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டாமல் உள்ளே போய்விட்டார்.

வீட்டில் அன்றைக்கு அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "பொய் சொன்னதைக்கூட விடுங்க. மேல ஏத்தி உக்காரவச்சு, விழாம பிடிச்சீங்க பாருங்க, அப்ப நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் செத்துடலாம் போல இருந்துச்சு."



பெரிய வண்டியை அந்த ஷோரூமிலேயே கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, பழைய சின்ன வண்டி ஒன்று எடுத்தான். விற்பனையாளர் காரணம் கேட்டபோது, "கால் எட்டல. அன்னிக்கு ஷூவால ஏமாத்தினேன்" என்றான். அவர் சிரிக்காமல் இருக்கப் படாதபாடு பட்டார். பாலிசி அவன் பெயரிலேயே, புது ஆளுக்கான முழு பிரீமியத்தோடு வந்தது.

கேட்டை வெல்டர் வந்து பொருத்திவிட்டுப் போனார். பெயின்ட் தானே அடிப்பதாக அவன் டீச்சரிடம் சொன்னான். "அடிங்க" என்றார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் டப்பாவும் பிரஷ்ஷுமாகத் தெருவில் உட்கார்ந்தான். தெரு முழுக்க அந்த வழியாகத்தான் மளிகைக்கடைக்குப் போக வேண்டும் என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஆளாளுக்கு நின்று, "அந்த நர்ஸம்மா மோதினதா?" என்று கேட்டார்கள். "இல்ல, நான் மோதினது" என்றான். ஒவ்வொரு தடவையும் முகம் சூடாகியது. பழகிவிடும் என்று பார்த்தான், பழகவில்லை.

வெயில் ஏறியபோது மனைவி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். கோடிவீட்டுப் பெரியவர், அவள் கட்டுப்போட்டு ஆற்றிய காலோடு, கைத்தடியை நீட்டி அவளை நிறுத்தினார்.

"ஏம்மா, நீ போய் கேட்டுல மோதிட்டியாமே? ஊரே பேசுது."

அவள் வண்டியை அணைக்கவில்லை. அவன் பக்கம் தலையைக் காட்டி, "அவரைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பெரியவர் கைத்தடியை ஊன்றி ஊன்றி அருகே வந்து நின்றார். அவன் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"நான்தாங்க மோதினேன். பழியை அவ மேல போட்டுட்டேன்."

பெரியவர் குனிந்து, கைத்தடி நுனியால் கேட்டின் அடிப்பாகத்தைச் சுரண்டிப் பார்த்தார்.

"அடியில துரு அப்படியே இருக்கு" என்றார். "தேய்க்காம மேல அடிச்சா நிக்காது."

அவன் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான்.