திரைக்குப் பின்னால் ஏழு மீட்டர்கள்

1.

இந்தக் கதை ஒரு கடிதத்திலிருந்து வந்தது. அந்தக் கடிதத்தில் ஒரு பொய் இருந்தது. எழுதியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சொன்னால், சுவைக்காக ஒளித்துவைத்தேன் என்பீர்கள்.

நான் கொழும்பில் ஒரு மின்சாரக் கந்தோரில் கடிதம் எழுதும் கிளாக்கர். கந்தோரின் பெயர் வேண்டாம். சாவகச்சேரிப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடமொன்றில் படித்தவன். அங்கே எங்களுக்குக் கடிதம் என்றால் இடம், திகதி, விடயம், இலக்கமிட்ட பந்திகள். கதைக்கும் இலக்கமிட்டிருப்பது அந்தப் பழக்கத்தால்தான்.

2.

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

(அ) "இத்தீவின் மின்சாரத் தொழிலைச் சீர்திருத்துவதில் காணப்படும் முன்னேற்றங்களும் இடர்ப்பாடுகளும் பலவாகும். அவற்றுள் முதலாவதாக" — அடித்துவிட்டேன். இது வருடாந்த அறிக்கை.

(ஆ) "மலைநாட்டு அருவியொன்று கொழும்பில் விளக்காய் எரியப்போகிறது என்று பல வருடமாகச் சொல்கிறார்கள். அந்த அருவி" — அந்த அருவியை நான் கண்டதில்லை. விட்டுவிட்டேன்.

(இ) "சிவானந்தன் கொட்டாஞ்சேனையில் ஒரு திரைச்சீலைக்கு முன்னால் நின்றான்."

இது போகும்.

3.

சிவானந்தன் மீட்டர் வாசிப்பவன். வெள்ளவத்தையில் நானும் அவனும் ஒரே அறையில் இருந்தோம். அவன் வேலைக்கு வந்து இரண்டு வருடம்; இன்னும் நிரந்தரமாக்கவில்லை.

அவனுக்குக் கொடுத்த பகுதியில் ஓர் ஒழுங்கை, அதாவது சந்து. ஏழு முஸ்லிம் வீடுகள். ஆண்கள் காலையிலேயே புறக்கோட்டைக் கடைகளுக்குப் போய்விடுவார்கள். மீட்டரோ உள்ளே, நடையின் கடைசிச் சுவரில். அன்னிய ஆண் உள்ளே போக முடியாது. முதல் மாதம் ஏழு வீட்டுக்கும் புத்தகத்தில் வெறுமை. இரண்டாம் மாதம் முதல் வீட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"மீட்டர் தம்பி, சும்மா திரும்பிப் போறதுக்கா இவ்வளவு தூரம் வந்த? எப்பிடிப் பாக்கிறதெண்டு சொல்லுங்க. நான் பாத்துச் சொல்லுறன்."

அவர்தான் றலியா.

"நாலு வட்டம் இருக்கு. ஒவ்வொண்டிலயும் ஒரு முள்ளு. முள்ளு ரெண்டு எண்ணுக்கு நடுவில நிண்டால் சின்ன எண்ணை எடுங்கோ. பிறகு, ஒரு வட்டம் இந்தப் பக்கம் சுத்தும், அடுத்தது மறுபக்கம் சுத்தும்."

"ஏன் தம்பி, எல்லாம் ஒரே பக்கம் சுத்தினா கவர்மெந்துக்கு என்ன நட்டம்?"

சிவானந்தன் இந்தக் கேள்வியை அன்றிரவு அறைக்குக் கொண்டுவந்து என்னிடம் கேட்டான்.

மூன்றாம் மாதத்திலிருந்து றலியா பின்வாசல் வழியாக ஏழு வீட்டுக்கும் போய், எல்லா எண்களையும் மனதில் வாங்கிக்கொண்டு வந்து, தன் வாசலிலிருந்தே வரிசையாய்ச் சொல்லத் தொடங்கினார்.

(இங்கே "றலியாவின் கண்கள்" என்று ஒரு வாக்கியம் தொடங்கினேன். நிறுத்திவிட்டேன். அவரைச் சிவானந்தன் கண்டதில்லை, நானும் கண்டதில்லை. உயரமா, கட்டையா, தெரியாது. எழுதிக்கொண்டு போகையில், இப்படி ஒரு பெண் இருந்திருப்பாரா என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்தது. பிறகு அந்தக் கவர்மெந்துக் கேள்வியை நினைத்தேன். அதைக் கற்பனை செய்ய எனக்குக் கெட்டித்தனம் போதாது.)

4.

இனிச் சீர்திருத்தம்.

மின்நிலையத்திலிருந்து புறப்படும் யூனிட்டுக்கும் எங்கள் புத்தகங்களில் ஏறும் யூனிட்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தது. கம்பியில் கசிவது கொஞ்சம், களவு கொஞ்சம். மிச்சம், மீட்டர் வாசிப்பவர்கள் தேத்தண்ணிக் கடையிலிருந்து எழுதிய கற்பனை. அதை நிறுத்த ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் "நேரில் பார்த்தது" என்று எழுதி ஒப்பமிட வேண்டும். நல்ல சட்டம். இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

தேத்தண்ணிக் கடையிலிருந்து எழுதியவர்கள் எல்லோரும் "நேரில் பார்த்தது" என்று ஒப்பமிட்டார்கள். சிவானந்தன் மட்டும் ஏழு வீட்டுக்கும் "கேட்டு எழுதியது" என்று எழுதினான்.

விளக்கக் கடிதம் கேட்டார்கள். திருப்தியில்லாவிட்டால் வேலை போகும். பதிலை நான்தான் எழுதிக் கொடுத்தேன். பந்தி இரண்டில், "மேற்படி மீட்டர்களை நான் நேரிலேயே பார்த்தேன், கைத்தவறுதலாகப் பிழையாகக் குறித்துவிட்டேன்."

சிவானந்தன் வாசித்துவிட்டுப் பந்தி இரண்டை வெட்டினான்.

"அண்ணை, நல்ல வடிவாய் எழுதியிருக்கிறியள். ஆனா நான் பாக்கேல்லையே."

"விசரா, வேலை போகப்போகுதடா!"

"ஓம், போகட்டும். பொய் சொன்னாலும் நாளைக்கு ஆரும் உள்ள போய்ப் பாக்கேலாது. அதுதான் சொல்ல மனமில்லை."

5.

பந்தி இரண்டு இல்லாமல் போன கடிதத்தைப் பார்த்த இன்ஸ்பெக்டர், தானே சோதிக்கிறேன் என்று புறப்பட்டார். ஐரோப்பிய வழிவந்த பறங்கியர், பேசியது இங்கிலீசு. கீழே அவருடைய தமிழ் என்னுடையது. தானும் உள்ளே போக முடியாதென்பது அவருக்கு ஒழுங்கையின் வாயிலில்தான் உறைத்திருக்கிறது. திரும்பிவந்து, மறுநாள் டைப்பிஸ்ட் மாக்ரெட்டைக் கூட்டிக்கொண்டு போனார். மாக்ரெட்டுக்கு ஊர் பக்கத்துக் கொச்சிக்கடை, தமிழ் பேசுபவர். உள்ளே நடந்ததை எனக்குச் சொன்னவர் அவர்தான். ஆகவே இந்தப் பகுதியையும் நான் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

ஏற்பாடு இது: றலியா எண்ணைச் சொல்வார். சிவானந்தன் எழுதுவான். பிறகு மாக்ரெட் உள்ளே போய்த் தன் கண்ணால் பார்த்து இன்ஸ்பெக்டரிடம் சொல்வார்.

ஆறு வீடு ஒத்துவந்தது. ஏழாவது வீட்டுக்கு றலியா சொன்னது ஆயிரத்து முந்நூற்று எண்பத்தேழு. மாக்ரெட் சொன்னது ஆயிரத்து நானூற்று எண்பத்தேழு.

"பார்த்தீரா?" என்றார் இன்ஸ்பெக்டர். "கேட்டு எழுதினால் இதுதான். நூறு யூனிட் காணாமல் போயிருக்கிறது." பேனாவை எடுத்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "தொரைக்கிட்டச் சொல்லுங்க தம்பி, போன மாசம் ஆயிரத்து முந்நூத்து எழுவத்தொண்டு. அந்த ஊட்டுல நாலு வெளக்கு. ஒரு மாசத்துல நூத்திப் பதினாறு யூனிட் எரிக்க அங்க என்ன கலியாணமா நடந்த? நடந்திருந்தா என்னைக் கூப்பிட்டிருப்பாங்க!"

சிவானந்தன் மொழிபெயர்த்தான். கலியாணத்தையும் விடவில்லை.

மாக்ரெட் மறுபடி உள்ளே போனார். றலியா பின்வாசலால் அங்கே வந்து விளக்கைத் தூக்கிப் பிடித்தாராம்.

"புள்ள, அந்த முள்ளு நாலுக்குக் கிட்டத்தான் நிக்கிது. ஆனா நாலைத் தொடல்ல. தொடாதவரைக்கும் மூணுதான்."

"ஐயோ ராத்தா, அந்த மனிசன் என்னைத் திங்கப்போறார்." (ராத்தா என்றால் அக்கா.)

"திங்க மாட்டார். வெளியால போய் நேரச் சொல்லுங்க."

மாக்ரெட் வெளியே வந்து சொன்னார்: "சேர், பிழை என்னுடையது. நான் பார்த்தேன். பிழையாய்ப் பார்த்தேன்."

இன்ஸ்பெக்டர் ஏழாவது எண்ணுக்குப் பக்கத்திலும் சரி என்று குறித்தார். பிறகு பேனாவை மூடினார்.

6.

முடிவுகள்.

முதல் முடிவு: சிவானந்தன் அந்த மாதமே நிரந்தரமானான். இது நடந்தது. நிரந்தரமாக்கும் கடிதத்தை டைப் அடித்தது மாக்ரெட். அவனுக்குக் கொடுக்கும் முன்பே எனக்குக் காட்டினார். அன்றைக்கு வெள்ளவத்தையில் மூன்று பேருக்கு இடியப்பம் வாங்கிவந்து இரண்டு பேர் சாப்பிட்டு முடித்தோம்.

இரண்டாவது முடிவு: மீட்டர்களை வீட்டு முன்சுவருக்கு மாற்ற வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் எழுதினார். மேலிடம் ஒப்புக்கொண்டது. கொட்டாஞ்சேனையில் தொடங்கி, மாளிகாவத்தை வரை வேலை நடக்கிறது. இதுவும் நடந்ததுதான். சீர்திருத்தம் என்று பார்த்தால் கதை இங்கே முடிய வேண்டும். எல்லாருக்கும் நன்மை. எனக்கும் சந்தோஷம்.

ஆனால் ஒரு காலை இருக்கிறது. ஏழு மீட்டரும் வெளியே வந்தபின் சிவானந்தன் அந்த ஒழுங்கைக்குப் போன முதற் காலை. இப்போது அவன் யாரையும் கேட்கத் தேவையில்லை. முன்சுவரில் கண்ணாடிக்குள் நாலு முள்ளும் நிற்கின்றன. அவனே பார்க்கலாம், எழுதலாம், ஒப்பமிடலாம். பக்கத்தில் அதே திரைச்சீலை.

நான் இதை எழுதத் தொடங்கும்போது அவன் காலிப் பட்டினத்துக்கு மாறிப் போயிருந்தான். இந்தக் கதைக்காக ஐந்து கேள்விகளை இலக்கமிட்டு அனுப்பினேன். ஒழுங்கான பிள்ளை, இலக்கமிட்டே பதில் எழுதினான். ஒன்றிலிருந்து நான்கு வரை இருக்கிறது. ஐந்தாவது இல்லை.

ஐந்தாவது கேள்வி இது: "அன்று எழுதிக்கொண்டு பேசாமல் திரும்பினாயா, அல்லது திரைக்கு முன்னால் நின்று குரல் கொடுத்தாயா? கொடுத்தாய் என்றால், என்ன சொல்லி?"

நான் இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் கிழித்துவிட்டேன். அந்த ஒழுங்கைக்குள் நான் போனதில்லை. நீங்கள் இந்த ஆறு பந்தியையும் கேட்டுக்கொண்டு வந்தவர்கள். ஐந்தாவதற்குப் பதில் எழுதி, பக்கத்தில் "கேட்டு எழுதியது" என்று ஒப்பமிட உங்களுக்குத்தான் கூடிய தகுதி.