தராசில் ஏறாதவள்

திங்கட்கிழமை வந்தாலே நீச்சல் குளத்தில் எல்லாருக்கும் எடைப் பரிசோதனைதான். கோச் எடை மெஷினை ஈரத் தரையில் வைத்து, இடுக்கி மாதிரி ஒரு கருவியால் இடுப்புச் சதையைக் கிள்ளிக் கிள்ளி அளப்பார். எடையும் கொழுப்பும் இவ்வளவுதான் என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அட்டவணை. அங்கே நீந்தும் அக்கா, தம்பி இருவரில் தம்பி சிரித்துக்கொண்டே தேறிவிடுவான். துடுப்பு மாதிரி கை, கதவு மாதிரி தோள். நூறு மீட்டரில் அக்காவை ஆறு விநாடி முந்துவான். அக்காவோ அரைவயிற்றோடு கிடந்துதான் தேறுவாள்.

அப்படி இளைத்துப்போய்த்தான் போன வருஷம் ஏரிப் போட்டியில் இறங்கினாள். இருபத்தாறு கிலோமீட்டர், எலும்பைக் குடையும் குளிர். பாதி வழியிலேயே பல் கிட்டிப்போய், அள்ளிப் படகில் போட்டார்கள். மாதவிலக்கும் நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது.

டாக்டரம்மா ஒரே போடாகப் போட்டார். "உங்க தம்பி உடம்புக்குப் போட்ட அளவை உங்க உடம்புல திணிச்சிருக்காங்க. பொம்பளைக்குத் தோலுக்கடியில இருக்கிற கொழுப்பு சும்மா இல்லம்மா. குளிரைத் தடுக்கும், மிதக்க வைக்கும். போய் நல்லா சாப்பிடுங்க."

சாப்பிட்டாள். எட்டு கிலோ ஏறியது. திங்கட்கிழமை கோச் மெஷினைக் காட்டினார்.

"ஏறு."

"ஏறலை சார்."

"அப்போ ஒண்ணு கேட்டுக்கோ. இந்தத் தடவையும் ஏரியை முடிக்கலைன்னா, குளத்துப் பக்கமே தலைகாட்டாதே."

வெளியே தம்பி காத்திருந்தான். "அக்கா, உன்னைக் கயித்துல கட்டிவிட்டா நல்ல மிதவை!"

"நீ முதல்ல கரை சேருடா, எருமை."

ஏரியில் இறங்கியதுமே தம்பி பறந்துவிட்டான். அவன் கால் கிளப்பிய நுரைகூட அவள் கண்ணில் படவில்லை. அவள் அவசரப்படவில்லை. போன வருஷம் கல்லாய்க் கீழே இழுத்த கால்கள் இப்போது தாமாக மேலே வந்தன. உள்ளே ஓர் அடுப்பு அணையாமல் எரிந்தது.

பதினெட்டாவது கிலோமீட்டரில் கோச்சின் படகு நின்றிருந்தது. அதில் உதடு நீலம் பாரித்து, போர்வைக்குள் தம்பி. அவள் கை தடுமாறியது.

"நிக்காதேக்கா! நான் செத்துப்போகலை, நீ போ!"

நடுங்கிய கையாலேயே தகர வாளியை எடுத்து, அவள் கைவீச்சுக்குத் தாளம் தட்ட ஆரம்பித்தான். கடைசி எட்டு கிலோமீட்டரும் படகு கூடவே வந்தது, வாளி ஓயவில்லை. அந்தத் தம்பி இப்போது இல்லை; அவன் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. இன்றும் குளிர்ந்த தண்ணீரில் தலையை முக்கினால் அவள் காதில் அந்த வாளிதான்.

குளிரில் சுருண்டு தள்ளாடிய இரண்டு ஆண்களை முந்தி, துறைக் கம்பத்தில் ஓங்கி அறைந்தாள். ஏழு மணி நேரம் பத்து நிமிஷம். ஆணோ பெண்ணோ, அந்த ஏரியை அதுவரை யாரும் அவ்வளவு சீக்கிரம் கடந்ததில்லை. கரையே அதிர்ந்தது.

கோச் படகிலிருந்து இறங்கினார். தம்பி போர்வையை இழுத்துக்கொண்டு வந்தான்.

"சார், அட்டவணையைக் கிழிச்சிடுங்க. இல்லேன்னா அக்கா சாப்பிடறதை எனக்கும் போடுங்க."

கோச் முறைத்தார். பிறகு தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவளிடம் நீட்டினார்.

அவள் துளியும் மிச்சம் வைக்கவில்லை.