இரண்டு பேரின் கவலை

நீர்வேலிச் சோமசேகரம் சின்முத்திரை பிடித்து உட்கார்ந்தால் அவருடைய கவலை விரல்நுனியால் கழன்று, பக்கத்தில் இருக்கும் ஆள்மேல் ஏறிக்கொள்ளும். கதலி வாழைக்குலை விலை விழுந்த வருடத்தில் இது தொடங்கியது. பிரஷர் கூடியிருக்கிறது, கொஞ்சம் தியானமும் செய்து பாருங்கள் என்று யாழ்ப்பாணத்து டொக்டர் சொல்ல, சோமசேகரம் போனில் வீடியோ பார்த்துப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்தார். ஒரு கிழமைக்குள் அவருக்குப் பிரஷர் இறங்கிவிட்டது. பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்த மனைவி கனகாம்பிகைக்கு ஏறிவிட்டது. ஊரில் கல்யாணம் முடித்த எங்களுக்கு அதில் பெரிய புதுமை தெரியவில்லை. எங்கள் வீடுகளில் முத்திரை இல்லாமலே நடப்பதுதான்.

அவர்களுக்கு இருந்த பெரிய கவலை, கனடாவில் அகதி வழக்கு முடியாமல் கிடந்த மகன் சுபாங்கன். முன்பெல்லாம் போன் அடித்தால் இருவரும் முட்டி மோதிக்கொண்டு ஓடுவார்கள். இப்போது சோமசேகரம் இருந்த இடத்திலேயே இருந்தார். பிறகு இருந்த இடத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தார். கனகாம்பிகையோ செம்மண்ணில் கணுக்கால்வரை புதைந்து நடந்தாள். அந்தக் குழிகளில் தண்ணீர் நின்று நுளம்பு பெருகுவதாகச் சுகாதாரப் பரிசோதகர் வந்து ஏசிவிட்டுப் போனார். ஓட்டோக்கார ஜெயரூபன் தலையைச் சொறிந்தான்: “குறை நினையாதேங்கோ அக்கா, உங்களுக்கு ஸ்பிரிங் தாங்காது. அண்ணையெண்டா சும்மாவே ஏத்துவன், பெற்றோல் மிச்சம்.”

வழக்குத் தோற்ற செய்தி வந்த அன்று, “எல்லாம் நல்லதுக்குத்தான்” என்றார் சோமசேகரம், கூரை வளைக்குப் பக்கத்தில் இருந்தபடி. விறாந்தைச் சீமெந்து வெடித்து, கனகாம்பிகை முழங்கால்வரை இறங்கிப்போனாள்.

“உங்களுக்கென்னப்பா, மேலை இருங்கோ. ரெண்டு பேருக்கும் பிள்ளை, அழுறதுக்கு மட்டும் நான் ஒருத்தி.”

அப்போதுதான் அவர் குனிந்து பார்த்தார். அவளுடைய தலை முழுவதும் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று அவருக்குத் தெரியவில்லை. விரல்களைப் பிரித்தார், கையை உதறினார். கவலை திரும்பி வரவில்லை. இவளை இப்படித் தனியே விட்டுவிட்டேனே என்று நெஞ்சு கனத்தது. கனத்த மறுகணமே அதுவும் பழகின வழியால் இறங்கி அவள்மேல் ஏற, அவள் இன்னும் ஒரு விரற்கடை தாழ்ந்தாள்.

“ஐயோ, நீங்கள் கவலைப்படாதேங்கோ!” என்று கத்தினாள்.

அன்றோடு சோமசேகரம் மனம் வருந்துவதை நிறுத்திக்கொண்டார். அவளுக்கு அவர் செய்யக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அவள் கோயிலுக்குப் போகும்போது மேலே மிதந்தபடி அவளுடைய இரு கைகளையும் பிடித்துக்கொண்டு கூடவே போவார். அவள் கொஞ்சம் குறைவாகப் புதைவாள், அவர் கொஞ்சம் குறைவாக உயர்வார். சில வேளை மறந்துபோய் அவளுடைய நரையைப் பார்த்துவிடுவார். அவள் கால் பொசுக்கென்று இறங்கும்.

“இஞ்சேருங்கோ, பிறகும் யோசிக்கிறியள்.”

“இல்லையப்பா, சும்மா பாத்தனான்” என்பார் அவர். எதிரே வருகிறவர்கள் சைக்கிளை ஓரங்கட்டி, மேலே ஒருவருக்கும் கீழே ஒருவருக்குமாக வழி விடுவார்கள்.