வளையல் சத்தம் போட்ட வீடு

மீட்டர்காரரின் தலை முதன்முதலாகச் சத்தம் போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, முடிதிருத்தும் கடை வாசலில். 'டொக்' என்றது. மருந்துக்கடைப் பக்கம் நகர்ந்ததும் 'சளக்' என்றது. கடைக்காரர் கூப்பிட்டு மறுபடி நடக்கவிட்டுப் பார்த்தார். மறுபடியும் டொக், சளக். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் படித்து எழுதிவருவதுதான் அவர் உத்தியோகம் என்பதால், மாதம் முடிவதற்குள் ஊரில் சத்தம் இல்லாத இடமே இல்லை என்றாகிவிட்டது. இடத்துக்கு ஒரு சத்தம், காலெடுத்து வைத்ததும் ஒரே ஒரு தடவை, நாலடி தூரம்வரை கேட்கும். அவருக்கு மட்டும் கேட்காது, குறட்டை மாதிரி. நூலகத்தில் 'கர்ர்' என்றதற்காக வெளியே நிற்கச் சொன்னார்கள். வெளியே 'பொத்' என்றது. வக்கீல் வீட்டு நாய் ஆறு மாதம் ஆட்சேபித்துவிட்டுப் பிறகு அதுவும் விட்டுவிட்டது.

டாக்டர் காதைக் குடைந்து பார்த்துவிட்டுக் கோளாறு ஒன்றுமில்லை என்றார். மூளைக்குள் கடல்குதிரை மாதிரி வளைந்த ஒரு பகுதி எல்லோருக்கும் இருக்கிறதாம். நாம் எங்கே நிற்கிறோம் என்று குறித்துக்கொள்வது அதன் வேலையாம். இந்த இடத்துக்கு இந்த செல்கள் துடிக்கும், அந்த இடத்துக்கு அந்த செல்கள். தூங்கும்போது அன்றைக்கு நடந்த வழியை அதுவே இன்னொரு தரம் வேகமாக ஓட்டிப் பார்க்குமாம். எல்லோருக்கும் நடப்பதுதான், இவருக்கு வெளியே கேட்கிறது, அவ்வளவே.

"குதிரைக்குத் தனியா ஏதாவது குடுக்கணுமா டாக்டர்?" என்று கேட்டாள் மீட்டர்காரர் மனைவி. வேண்டாம் என்றார் டாக்டர்.

அவளுக்கு இதில் சௌகரியம் இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் நாற்காலியில் கண்ணயர்ந்தால் போதும், காலையில் போன வழி முழுக்கத் தலைக்குள்ளிருந்து படபடவென்று ஓடும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். டீக்கடையில் இரண்டு தடவை நின்றதையும், அவருடைய அக்கா வீட்டுக்குப் போய்விட்டு மறைத்ததையும் அவர் வாயைப் பிடுங்காமலே தெரிந்துகொண்டாள். கடைசியில் 'தொப்' என்று முடியும். அது வீடு. மூட்டையை இறக்கிவைத்த மாதிரி ஒரு சத்தம். இன்னும் கொஞ்சம் லட்சணமாக இருந்திருக்கலாம் என்று அவளுக்கு மனக்குறை உண்டு, வெளியே சொன்னதில்லை.

ஒன்பது வருடம் இப்படிப் போனது. பிறகு அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில், பகல் இரண்டரை வரைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் வேலை முடிந்து வந்து, தூங்குகிறவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். டொக், சளக், பொத் எல்லாம் ஒழுங்காக ஓடி, 'தொப்' வரவேண்டிய இடத்தில் 'கிணுங்' என்றது. வளையல் சிணுங்கிய மாதிரி. மறுநாளும் கிணுங். யார் வீடு அது?

"வேலை முடிஞ்சு எங்க போறீங்க?"

"எங்க போவேன்? நேரா வீட்டுக்குத்தான்."

நாத்தனாரிடம் போய் அழுதாள். "என் தம்பியா? அவனுக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏதும்மா!" என்று தம்பியை விட்டுக்கொடுக்காமல் பேசினாள் அக்கா. ஞாயிற்றுக்கிழமை மனைவியே அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினாள், சந்தேகப்பட்ட வாசல்களில் எல்லாம் நிறுத்தினாள். தையல்காரி வீட்டில் பெரிய நம்பிக்கை வைத்திருந்தாள், வெறும் 'விர்ர்'. இந்த வயதில் இத்தனை அன்னியோன்னியமா என்று பார்த்தவர்கள் வியந்தார்கள். அவளுக்கோ நெஞ்சு எரிந்தது. தன் வீட்டுக்குத் தொப், எவள் வீட்டுக்கோ கிணுங். துரோகத்தைவிட அந்தப் பாரபட்சம்தான் ஆறவில்லை.

புதன்கிழமை லீவு போட்டு, தலையைத் துண்டால் மூடிக்கொண்டு பின்னாலேயே போனாள். அவர் கடைசி மீட்டரைப் படித்துவிட்டு அவர்கள் தெருவுக்குள் திரும்பினார். நம்ம தெருவிலேயேவா! ஒவ்வொரு வாசலாகத் தாண்டி, சொந்த வீட்டுப் பூட்டைத் திறந்தார். நம்ம வீட்டிலேயேவா! அவள் வாசலை ஒட்டிய சன்னலுக்கு ஓடினாள்.

அவர் உள்ளே கால் வைத்தார். கிணுங்.

வீட்டில் ஈ காக்கை இல்லை. அவர் இரண்டு தம்ளரில் தண்ணீர் எடுத்துவைத்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒன்றைத் திரும்பப் பானையில் ஊற்றினார். மூடிவைத்த சாப்பாட்டைச் சன்னலோரம் உட்கார்ந்து சூடு பண்ணாமலே சாப்பிட்டார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தான் இல்லாத வீட்டின் சத்தத்தை இத்தனை வருடம் தான் எப்படிக் கேட்டிருக்க முடியும்? அது வளையலுமில்லை, ஒன்றுமில்லை, காலிப் பாத்திரம்.

வாசல் வழியாக உள்ளே போனாள். உட்கார்ந்திருந்தவர் தலையிலிருந்து தொப். மறுபடி சன்னலுக்குப் போய் மறைந்து நின்றாள். கிணுங். உள்ளே வந்தாள். தொப். ஐந்து தடவை.

"உள்ள வர்றியா, வெளிய போறியா? ஏதாவது ஒண்ணு பண்ணும்மா" என்றார் அவர், கையில் சோற்றோடு.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்த மனிதரையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாக இருந்தது. காரணத்தைச் சொல்லவில்லை, சாப்பாட்டை மட்டும் சூடு பண்ணிக் கொடுத்தாள். கண்ணாடிக் கடை வேலையையும் விடவில்லை.

அடுத்த வருடம் தங்கை வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வருவதாகப் போனாள். மூன்றாம் நாள் போன் பண்ணினாள்.

"வாசலுக்குப் போயிட்டு உள்ள வாங்க. போனைக் காதுல வைக்காதீங்க, உச்சந்தலையில வைங்க."

ஏன் என்று கேட்காமல் அவர் அப்படியே செய்தார். பிறகு காதுக்குக் கொண்டுவந்து, "என்ன, கேக்குதா?" என்றார்.

"கேக்குது" என்றாள். "நாளைக்கு வந்துடறேன்."