மூன்று தரம் அடித்த போன்

முப்பத்தாறு வயதில் எனக்கு எம்.பி.ஏ. ஆசை வந்தது, அதுவும் மருத்துவமனை நிர்வாகத்தில். கோவில்பட்டியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மனநல மருத்துவமனையில் பதினோரு வருடமாக நான் கவுன்சலர். ஆஸ்பத்திரி எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் நாற்காலியில் நாமும் ஒருநாள் உட்கார்ந்தால் என்ன என்று தோன்றியது. தபால் வழியில் சேர்ந்துவிட்டேன். "ஆஸ்பத்திரிய நிர்வாகம் பண்ணுதது இருக்கட்டும், மொதல்ல அடுப்படிய நிர்வாகம் பண்ணு ருமானா" என்றார் என் வீட்டுக்காரர் ஹிதாயத்துல்லா. சொல்லிவிட்டு அவரே போய்த் தோசை வார்த்தார். வாய்தான் அப்படி.

கடைசிப் பருவத்தில் புராஜெக்ட் செய்ய வேண்டும். மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டு வராமல் போகிறவர்களை எப்படிக் குறைப்பது என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வெறும் பாடம் இல்லை, பதினோரு வருட வயிற்றெரிச்சல். நன்றாகத் தேறிப் போனவர்களை ஆறு மாதம் கழித்துப் பழையபடி கைத்தாங்கலாகக் கூட்டிவரும்போது எனக்குக் கோபம் கோபமாக வரும்.

கம்ப்யூட்டரில் ஓர் ஏற்பாடு செய்தேன். மாத்திரை வாங்க வர வேண்டிய நாளுக்கு முந்தின நாள் அது தானாகவே போன் போட்டுப் பேசும். என்ன பேச வேண்டும் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். "வணக்கம் சுதாராணி, மனநல மருத்துவமனையிலிருந்து பேசுகிறோம். நாளை உங்கள் மாத்திரை நாள்" என்கிற மாதிரி, ஒவ்வொருவர் பெயரோடும். யார் பேசுகிறோம் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று பாடப்புத்தகத்தில் இருந்தது. எடுக்காவிட்டால் விடாமல் மூன்று தரம் அடிக்க வேண்டும் என்பது என் சொந்த மூளை.

மூன்று மாதத்தில் வராதவர்கள் நூற்றுக்கு நாற்பதிலிருந்து இருபத்து மூன்றாகக் குறைந்தார்கள். என் வழிகாட்டிப் பேராசிரியர் போனிலேயே பாராட்டி, வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கையை அனுப்பச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அனுப்புவதற்கு முன்பு, வராதவர்கள் பட்டியலைக் கடைசியாக ஒரு தரம் பார்த்தேன். அதில் சுதாராணியின் பெயர் இருந்தது. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் பெண், இருபத்தாறு வயது. நாலு வருடத்துக்கு முன்னால், பதினோரு நாள் தூங்காமல், சோற்றில் விஷம் இருப்பதாக நம்பிச் சாப்பிடாமல் கிடந்தவளை அவள் அம்மா மீனாட்சியம்மாள் எங்களிடம் கூட்டி வந்தார். தேறிய பிறகு அவள் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. மாத்திரை நின்றால் அவள் எங்கே போய் நிற்பாள் என்று எனக்குத் தெரியும். போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தார்கள். டாக்டரிடம் சொல்லிப் பத்து நாள் மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு புதன்கிழமை காலையில் பஸ் ஏறினேன்.

ஓட்டப்பிடாரம் பக்கத்தில் அவள் ஊர். முந்தின நாள் மழை. பஸ்ஸை விட்டு இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் கரிசல் மண் செருப்போடு அப்பிக்கொண்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தேன்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் சுதாராணி. கண் சிவந்திருந்தது. மூன்று நாளாகத் தூக்கம் இல்லை என்றார் மீனாட்சியம்மாள். "வேலைக்கும் போகலம்மா. வேண்டாம்னுட்டாவ."

"ஏன், என்னாச்சு?"

சுதாராணிதான் சொன்னாள். தீப்பெட்டி ஆபீசுக்குள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் கணக்கப்பிள்ளை மேசையில் இருக்கும் தகரப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். ஒரே போன் விடாமல் மூன்று தரம் அடித்தால் வீட்டில் ஏதோ ஆபத்து என்று அர்த்தம். கணக்கப்பிள்ளை எடுத்துக் கேட்டு, ஆளைக் கூப்பிட்டுச் சொல்லுவார். அங்கே அதுதான் வழக்கம்.

"முந்துன மாசமெல்லாம் அந்தப் போனு நான் வீட்டுல இருக்கையில வந்துச்சு. இந்தத் தடவ கணக்கப்பிள்ள பெருமாள்சாமி அண்ணாச்சி எங்கம்மாவுக்குத்தான் என்னமோன்னு பதறிப்போயி எடுத்திருக்காவ. மெசின் சத்தத்துல கேக்கலன்னு ஸ்பீக்கர்ல போட்டாவ. அது எம்பேரச் சொல்லி, மனநல ஆஸ்பத்திரின்னு சொல்லிச்சு. வாசல்ல நின்ன அத்தன பேரும் கேட்டாளுவக்கா. தீ இருக்க எடம், கொஞ்ச நாளைக்கு வீட்டுல இரும்மான்னு அனுப்பிட்டாவ. எட்டு வருசத்துல ஒரு பெட்டிய நான் பாழாக்கினதில்ல."



"எவளோ படிச்சவ ஃபேனுக்கடியில உக்காந்து செஞ்ச வேல" என்றார் மீனாட்சியம்மாள். "வெளங்குவாளா அவ?"

"இந்த அக்காவுக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருப்பாவளாம்மா?" என்றாள் சுதாராணி. "பஸ் ஸ்டாண்டுல என்னப் பாத்தாக்கூடத் தெரியாத மாதிரிப் போவாவ, நாலு பேருக்கு என் நோவு தெரியக் கூடாதுன்னு எனக்காவண்டி." என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். "அந்த மாத்திரையப் பாத்தாலே எல்லாரும் சிரிக்க மாதிரி இருக்கு. ஆனா நீங்க கொடுத்தாப் போடுதேங்கா. கொண்டாங்க."

மாத்திரை என் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் வந்த வேலை முடிந்தது. ஆனால் சோற்றிலேயே விஷம் இருக்கிறது என்று பயந்து கிடந்தவள் என் கையை நம்பி வாங்கி விழுங்கப் போகிறாள். பொய்யோடு சேர்த்து அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"அந்தப் போனை ஏற்பாடு பண்ணுனது நான்தான் சுதா. பேச வேண்டியத எழுதிக் கொடுத்ததும் நான்தான். என் படிப்புக்காகச் செஞ்சேன்."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். மீனாட்சியம்மாள் எழுந்து உள்ளே போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கவுன்சலர் அழக் கூடாது என்பதெல்லாம் அப்போது நினைவில் இல்லை.

"எதுக்குக்கா சொன்னீங்க?" என்றாள் சுதாராணி. "சொல்லாம இருந்திருந்தாப் போட்டிருப்பேம்லா."

"தெரியும். உங்கிட்ட மறைக்க முடியல. அந்தப் போனை இன்னைக்கே நிறுத்தச் சொல்லுதேன். நீ சரின்னு சொன்னா டாக்டரக் கூட்டிக்கிட்டு அண்ணாச்சியப் பாத்துப் பேசுதேன். நீ வேண்டாம்னா அந்தப் பக்கமே போகல. இப்படி ஒருத்திக்கு வேல போச்சு, மாத்திரையும் நின்னு போச்சுன்னு என் புராஜெக்ட்லயும் எழுதப்போறேன். உன் பேரு வராது."

"எழுதுனா ஒங்க படிப்பு போயிருமா?"

"திரும்ப மொதல்ல இருந்து செய்யச் சொல்லுவாங்க. ஒரு வருசம் போயிரும்."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. இருக்க வேண்டியதுதானே.

"போகட்டும்" என்றாள். பிறகு கையை மறுபடியும் நீட்டிக்கொண்டு, உள்பக்கமாகத் திரும்பி, "எம்மா, ஒரு செம்பு தண்ணி கொண்டா" என்று சத்தம் போட்டாள்.