அகலக் காலர்

“ஆம்பளைக்குக் கழுத்துல என்னளா அழகு கெடக்கு?” என்று அக்கா செல்வலட்சுமி ஒரு தடவை தங்கை சண்முகப்பிரியாவிடம் கேட்டாள்.

அக்காவுக்கு நிச்சயமாகி, மாப்பிள்ளைக்குக் கோட்டு எடுக்க எல்லோரும் தனராஜ் அண்ணாச்சியின் ஆண்கள் துணிக்கடைக்கு வந்திருந்த நாள் அது. பதினொன்றாம் வகுப்போடு படிப்பை விட்ட பிரியா அப்போது அங்கேதான் வேலை பார்த்தாள். காலர் பொருந்தாவிட்டால் எந்தக் கோட்டும் இரவல் வாங்கியது போலத்தான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தாள். வெட்கத்தில் விட்டுவிட்டாள்.

அக்கா பிரசவத்தில் போய் இரண்டு வருடமாகிறது. பிள்ளையை வளர்க்க பிரியா வேலையை விட்டாள். பிள்ளை அவளை அம்மா என்று கூப்பிடப் பழகியதும், அத்தானுக்கே அவளைக் கட்டிக்கொடுப்பது என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். திருச்செந்தூரில் தாலி, தூத்துக்குடியில் வரவேற்பு. அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கும் தெரியாது. மனசு, பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்தால் தன்னுடையது போலவே இல்லை.

மாப்பிள்ளைக்குக் கோட்டு எடுத்துக் கொடுப்பது பெண் வீட்டு முறை. “பழசு அப்படியே இருக்கு, அத்த” என்று அத்தான் ஜெயகணேஷ் சொல்லிப் பார்த்தான். துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு ஆபீசில் அவனுக்கு வேலை. பிரியாவின் அம்மா சீனித்தாய் ஒப்பவில்லை.

“மூத்தவளுக்குப் போட்டதையே எளையவளுக்கும் போடுவாங்களா, மாப்பிள? முறைன்னு ஒண்ணு இருக்குல்லா.”

அதனால் மறுபடியும் அதே கடை.

“ஏளா பிரியா, இன்னைக்கு நீ சேர்ல உக்காரு. நாங்க எடுத்துப் போடுதோம்” என்று சிரித்தார் அண்ணாச்சி. முதலில் கறுப்புக் கோட்டை மாட்டிவிட்டார். அத்தானின் முகம் அதற்குள் காணாமல் போனது.

பிரியா எழுந்து, அலமாரியிலிருந்து கருநீலத்தை உருவினாள். “கறுப்பு வேண்டாம் அண்ணாச்சி. மூஞ்சியத் தின்னுரும்.”

“பாருங்கம்மா, கல்யாணப் பொண்ணு வேலைக்கு வந்துட்டா.”

கருநீலம் தோளில் சரியாக உட்கார்ந்தது. கீழ்ப் பொத்தானைப் போடப்போன அத்தானிடம், அதைப் போடக்கூடாது என்று பிரியா தலையை ஆட்டினாள். அண்ணாச்சி சட்டைகளைப் பரப்பினார்.

“கூர்க்காலர்தான? போன தடவ மாப்பிளைக்கு அதான...” என்றவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். சீனித்தாய் டை தொங்கும் பக்கம் திரும்பி, எதையோ தடவிப் பார்க்க ஆரம்பித்தாள்.

போன தடவை அத்தானுக்கு உருண்டை முகம், குட்டைக் கழுத்து. கூர்க்காலர் அதைக் கொஞ்சம் நீட்டிக் காட்டியது. இப்போது கன்னம் ஒட்டி, தொண்டை எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. பிரியா, முனைகள் இரண்டும் விலகி நிற்கும் அகலக் காலர் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவன் உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தான்.

“இந்தத் தங்கக் காலர் பின்னு எடுப்பா இருக்கும்” என்றார் அண்ணாச்சி.

“இதுக்கு வேண்டாம். ரெண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கும்.”

“சரி, நீயே கட்டிவிடு. ஒங்கைய யாரு பிடிக்கா? வாங்கம்மா, அங்கன டை நிறைய இருக்கு.” அவர் சீனித்தாயைக் கடையின் மறுகோடிக்குக் கூட்டிப்போனார்.

காலர் மடங்காமலிருக்க உள்ளே செருகும் சின்னத் தகடுகளை பிரியா ஒவ்வொன்றாகச் செருகினாள். டையைச் சுற்றி முடிச்சை மேலே தள்ளியபோது அவள் விரல் அவன் தொண்டையில் பட்டது. யாரோ ஒரு வாடிக்கையாளர் கழுத்து போலத்தான் இருந்தது.

கண்ணாடியில் ஜெயகணேஷ் நன்றாக இருந்தான். அவன் தன்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான்.

“பிரியா, ஒனக்கு இதுல சம்மதந்தானா?” என்று மெதுவாகக் கேட்டான். “இல்லன்னா சொல்லு. நான் அத்தகிட்ட பேசுதேன்.”

அவள் முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இனிமே ஒங்களுக்கு அகலக் காலர்தான் நல்லாருக்கும், அத்தான்” என்றாள். “கழுத்து நீண்டுபோச்சுல்லா.”

அவள் முடிச்சை இன்னும் ஒரு நூல் இடப்பக்கம் நகர்த்தினாள்.

“புரிஞ்சிட்டு. அத்தகிட்ட பெறவு பேசிக்கிடுதேன்” என்று அவன் அவள் கையை மெல்ல விலக்கினான். டையை அவிழ்த்து, கோட்டைக் கழற்றி மேசை மேல் மடித்து வைத்தான். உள்ளே போய்த் தன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான்.

“மாப்பிள, இந்த மெரூன் எப்படி இருக்கு பாருங்க” என்று சீனித்தாய் ஒரு டையைத் தூக்கிக் காட்டினாள்.

அவன் அவளைத் தாண்டி, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான்.